இலை தின்பவர்களின் சாந்த குணம்

இலைக்குரங்கைப் பற்றி அந்த விலங்குக் காட்சிசாலையின் இயக்குநருக்குத் தெரிந்தது மூன்றே செய்திகள். அது இலை தின்னும். அதற்கு வால் நீளம். இலை தின்பதால் அது சாந்தமானது. முதல் இரண்டையும் அவர் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டார். மூன்றாவது அவரே யோசித்துக் கண்டுபிடித்தது. பெற்ற பிள்ளை மாதிரி அதன்மேல்தான் அவருக்குப் பாசம்.

அந்தப் பாசத்தில் கூண்டுக்கு முன்னால் ஆளுயரப் பலகை ஒன்று வைத்தார். 'இலையுண்ணும் இவ்வுயிர்கள் சண்டை அறியாதவை. கூட்டுக் குடும்பத்தின் இலக்கணம்.' இலக்கணத்துக்குக் கீழே அவருடைய பெயரும் பட்டங்களும் இரண்டு வரிக்கு ஓடின. அதற்கு இடம் வேண்டுமென்று, முன்பு அங்கிருந்த 'பழம் போடாதீர்கள்' என்ற தகரத்தைக் கழற்றிக் கிடங்கில் போடச் சொன்னார்.

கழற்றியவர் காப்பாளர். பதினாறு வருடமாக அந்தக் கூண்டுக்குத் தழை வெட்டிப் போடுகிறவர். அந்த வயிறுகளை அவருக்குத் தெரியும். இலைக்குரங்கின் வயிறு அறை அறையாகத் தடுத்த வீடு. முதல் அறையில் இலை ஊறிப் புளிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கோடிக் கிருமிகள் உட்கார்ந்து அதை உடைத்துக் கொடுக்க வேண்டும். அதனால்தான் பெண் குரங்கு, ஆண் குரங்கு எல்லாம் தொந்தியோடு உட்கார்ந்திருக்கும். பார்க்க வருகிறவர்கள் "எல்லாமே மாசமா இருக்கு போல" என்பார்கள். அந்த வயிற்றில் கனிந்த பழம் விழுந்தால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம், குரங்குக்குச் சாவு.

பலகை வைத்த மூன்றாவது வாரம், ஒரு விடுமுறை நாளில், யாரோ நல்ல மனசுக்காரர் ஒரு சீப்பு வாழைப்பழத்தை உள்ளே எறிந்தார். கூட்டத்தின் ஒரே ஆண், காப்பாளர் 'பெரியவர்' என்று கூப்பிடுகிறவர், தலைவர் என்ற முறையில் முழுச் சீப்பையும் தாமே தின்றார். மாலைக்குள் வயிறு மத்தளமாகி மூச்சு முட்டிச் செத்தார்.

மிச்சம் மூன்று பெண்கள்: மூத்தவள், நடுவிலவள், சின்னவள். நடுவிலவளுக்கு இரண்டு மாதக் குட்டி. வளர்ந்தவர்களெல்லாம் சாம்பல் நிறமாக இருக்க, அந்தக் குட்டி மட்டும் உருக்கி ஊற்றின தங்கம் மாதிரி இருந்தது. அதை ஒருத்தியே வைத்திருப்பதில்லை. அந்த வயிறு நிறைய நாள் பூராவும் தின்றாக வேண்டும் என்பதால், தாய் தழைக்கு உட்கார்ந்தால் குட்டி பெரியம்மா மடிக்குப் போகும், அங்கிருந்து சித்தி இடுப்புக்கு. சின்னவளுக்குத்தான் பைத்தியம் அதிகம். சில சமயம் குட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, என்னவோ சரியில்லையே என்று யோசிப்பாள்.

"புது ஆண் வருது," என்றார் இயக்குநர். வேறொரு காட்சிசாலையிலிருந்து கேட்டு வாங்கியாயிற்று. ஒரு மாதம் தனி அறை, பிறகு திறப்பு விழா, சிறப்பு விருந்தினர், புகைப்படம். ஊழியர்கள் அதற்குள் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

காப்பாளர் இயக்குநரின் அறைக்குப் போய் நின்றார்.

"சார், குட்டி பால் மறக்கட்டும். ஒரு எட்டு மாசம்."

"எட்டு மாசத்துல அது சாம்பலாயிடும்யா. தங்கக் குட்டி இருந்தாதான் படம்."

"புதுசா வர்ற ஆண் பால்குட்டியை விடாது சார். கடிச்சிரும். பெரியவர் வந்தப்பவும் இதே நடந்துச்சு. நான் வேலைக்குச் சேர்ந்த மாசம். நாலாம் நாள் குட்டி இல்லை."

"ஏன் கடிக்கணும்?"

"பால் குடுக்கிற வரைக்கும் தாய் ஆணைக் கிட்ட சேர்க்காது. குட்டி போயிட்டா சேர்க்கும்."

"அதுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியுமா?"

"தெரியாது சார். ஆனா செய்யும்."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். "இலை தின்கிறதுக்குக் கோபம் எங்கேருந்துய்யா வரும்? என்னையே எடுத்துக்கோ. மூணு வருஷமா பச்சைக் காய்தான்."

காப்பாளர் முந்தின வாரத்து ஊழியர் கூட்டத்தை நினைத்துக்கொண்டார். அன்று பறந்த பேப்பர் வெயிட் அலமாரிக் கண்ணாடியில் விட்ட விரிசல், இயக்குநரின் தலைக்குப் பின்னால் இன்னும் அப்படியே இருந்தது. வெளியே வந்தார்.

வீட்டில் அவர் சொன்னதையெல்லாம் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். அவளுக்கு அவர் இரண்டாவது கணவர். கல்யாணத்தின்போது அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தது.

"நீங்களும் கைக்குழந்தைக்காரியைத்தான் கட்டிட்டு வந்தீங்க. யாரையும் கடிச்சதா எனக்கு ஞாபகம் இல்லையே."

"எனக்குக் கோரைப்பல்லு சின்னது."

"இருக்கிறதுலயும் ரெண்டு ஆடுது." மடித்த துணியை அடுக்கிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "அந்த நேரத்துக்குத் தாயையும் பிள்ளையையும் பின்னறையில வெச்சு அடைச்சிடுங்களேன். கேட்டா கதவு சிக்கிக்கிச்சுன்னு சொல்லுங்க. உங்க ஆபீஸ்ல எந்தக் கதவு சிக்கலை?"

அவருக்கு அது சரியாகவே பட்டது. விழா முடிந்து எல்லாரும் சாப்பிடப் போனதும் மாப்பிள்ளையை மறுபடி உள்ளே இழுத்துவிடலாம். அப்புறம் எட்டு மாதத்துக்கு ஏதாவது ஒரு கதவு சிக்கிக்கொண்டே இருக்கும்.

கூண்டுக்குப் பின்னால் ஒரு நடைவழி. அதிலிருந்து கம்பியை இழுத்தால் அறைக்கும் கூண்டுக்கும் நடுவிலுள்ள இரும்புக் கதவு மேலே ஏறும், விட்டால் விழும். இடப்பக்க அறையில் தழை வைப்பார். வலப்பக்க அறையில் மாப்பிள்ளை. நடைவழியில் நிற்கிறவருக்குக் கூண்டு தெரியாது. இடப்பக்க அறைச் சுவரில் நாணய அளவுக்கு ஒரு துளை உண்டு; அதில் அந்த அறையும் அதன் வாசலும் தெரியும், அவ்வளவுதான்.

விழாவன்று காலை, நடுவிலவளுக்குப் பிடித்த இளந்தழையாகப் பார்த்து இடப்பக்க அறையில் கட்டித் தொங்கவிட்டார். கம்பியை இழுத்துப் பிடித்தபடி துளையில் கண்ணை வைத்துக் காத்திருந்தார். அவள் வந்தாள். வாசலில் உட்கார்ந்தாள். வயிற்றோடு பொன்னிறம் ஒட்டியிருந்தது. அதே நேரத்தில் நடைவழிக் கோடியிலிருந்து கூப்பிட்டார்கள்: சிறப்பு விருந்தினர் வந்தாச்சாம், காப்பாளர் எங்கே, சீருடைப் பொத்தானைப் போட்டாரா. "வந்துட்டேன்," என்று திரும்பிப் பார்த்துச் சொன்னார். மறுபடி துளையில் கண் வைத்தபோது அவளுடைய முதுகும் வாலும் உள்ளே தெரிந்தன, தழையை இழுத்துத் தின்றுகொண்டிருந்தாள். கம்பியை விட்டார். கதவு விழுந்தது. சீருடைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

மேடையில் இயக்குநர் பேசினார். இலைக்கும் அகிம்சைக்கும் உள்ள உறவை விளக்கினார். உலகம் முழுக்க இலை தின்றால் போரே வராது என்றார். சிறப்பு விருந்தினர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார். இடப்பக்க அறையில் நடுவிலவள் கதவில் மோதிக் கத்துவது நடைவழியில் நன்றாகவே கேட்டது. அடைத்ததால் கத்துகிறாள், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுவாள் என்று நினைத்தார் காப்பாளர். கைதட்டல் கேட்டதும் வலப்பக்கக் கம்பியை இழுத்தார்.

மாப்பிள்ளை வெளியே போனது.

"அதோ பாருங்க, தங்கக் குட்டி!" ஒலிபெருக்கியில் இயக்குநரின் குரல் பொங்கியது. "சித்தி மடியில எவ்வளவு நிம்மதியா!"

காப்பாளர் துளையில் பார்க்க நிற்கவில்லை. இடப்பக்க அறைக்குத்தான் ஓடினார். உள்ளே நடுவிலவள் மட்டும் இருந்தாள். மார்பில் பால் காம்பு இரண்டும் ஈரமாக இருந்தன. சாப்பிடப் போகிறவள் பிள்ளையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் போவாள் என்பதைப் பதினாறு வருடமாகத் தினம் பார்த்தவர், அந்த ஒரு நாள் மட்டும் மறந்திருந்தார்.

மூத்தவள் பாய்ந்து தடுத்தாள், தொடையில் கடி வாங்கினாள். இன்னும் பிள்ளை பெறாத சின்னவளுக்கு அப்படிப் பாயத் தெரியாது; குட்டியை இறுக்கிக்கொண்டு கயிற்றின் உச்சிக்கு ஓடினாள், அங்கிருந்து போக வழியில்லை. காப்பாளர் இடப்பக்கக் கதவைத் தூக்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. தரையில் கிடந்ததைத் தாய் எடுத்து மார்பில் வைத்துக்கொண்டாள். மேடையில் யாரோ சமயோசிதமாக இசையை ஒலிக்கவிட்டார்கள்.

ஆறு நாள் அதைத் தூக்கிக்கொண்டே திரிந்தாள். ஈயை ஓட்டினாள், நக்கிச் சுத்தம் செய்தாள். பொன்னிறம் மங்கிச் சருகானது. ஏழாம் நாள் தழைக்குக் கை நீட்டியபோது கீழே விழுந்ததை மறுபடி எடுக்கவில்லை.

அன்று இயக்குநர் அறையில் மூன்று பேர்: அவர், காப்பாளர், மருத்துவரம்மா.

"பின்னறைக் கதவை யாருய்யா அடைச்சது?"

"நான்தான் சார்."

"யார் சொல்லி?"

காப்பாளர் அலமாரிக் கண்ணாடியின் விரிசலைப் பார்த்தார்.

"தாய் வெளியில இருந்திருந்தா பிள்ளையை விட்டுக்கொடுத்திருக்குமா?"

அந்த இயக்குநர் தம் பதவிக் காலத்தில் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அது. ஆறு நாளாகக் காப்பாளர் தம்மையே கேட்டுக்கொண்டிருந்ததும் அதுதான்.

"சரி, வெளியில போனா ரெண்டு பேருக்கும் கெட்ட பேரு. 'கயிற்றிலிருந்து தவறி விழுந்து'ன்னு எழுதிடுங்கம்மா."

"மண்டையில நாலு ஓட்டை இருக்கு சார்," என்றாள் மருத்துவரம்மா.

"கயிறு சொரசொரப்பா இருந்திருக்கும்."

அவள் பேனாவைத் திறந்தாள். பிறகு எழுதினாள். காப்பாளர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். 

ஐந்து வாரத்தில் நடுவிலவள் மாப்பிள்ளை முன்னால் போய்த் தலையை ஆட்டி, சேர அழைத்து நின்றாள். அதிலிருந்து ஏழாம் மாதம் தங்கம் மாதிரி ஒரு குட்டி பிறந்தது. இயக்குநர் புகைப்படக்காரரோடு வந்தார். மாப்பிள்ளை கால் மேல் கால் போடாத குறையாக உட்கார்ந்திருந்தது. நடுவிலவள் அதன் முதுகு முடியை விலக்கிப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பவே சொன்னேனா இல்லையா?" என்றார் இயக்குநர். "நீதான்யா வீணா பயமுறுத்தினே."

அவர் சொன்னபடியேதான் எல்லாம் இருந்தது. பலகையில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை காப்பாளர் பின்னறையில் இளந்தழை கட்டினார். கதவைத் தூக்கி, கம்பியை ஆணியில் மாட்டிவிட்டு, நன்றாகத் தள்ளிப்போய் நின்றார். மூத்தவள் வந்து தின்றாள். சின்னவளும் வந்தாள். நடுவிலவள் வாசல் வரைக்கும் வந்தாள், மேலே தொங்கிய இரும்பைப் பார்த்தாள், துளையைப் பார்த்தாள், குட்டியை மார்போடு அழுத்திக்கொண்டு திரும்பிப் போய் மாப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வாரம் இதேதான். அவளுக்கென்று கட்டிய தழை வாடிக் காய்ந்தது.

எட்டாம் நாளிலிருந்து அவளுடைய பங்கை முன்பக்கமாகச் சுற்றிப்போய், பலகைக்குப் பக்கத்தில் நின்று, கம்பி வழியாகக் கொடுக்க ஆரம்பித்தார். அவர் தழையைச் செருகிவிட்டு நாலடி பின்னால் போன பிறகுதான் அவள் வந்து எடுப்பாள். எடுக்க வரும்போது குட்டியை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு வந்தாள்.