முதலில் பேசியவள்

ரேடியோ என்பது அவளுக்குத் தெருப் பிள்ளைகள் வைத்த பெயர். வாயைத் திறந்தால் மூடமாட்டாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இவள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டுவிடுவார். அதனால்தான், வெள்ள அவசரக் குழுவில் இளைஞர் ஒருவரும் உட்கார வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, ஆற்றோரத் தெருப் பிள்ளைகள் கூடி, யோசிக்காமல் கொள்ளாமல் இவளை அனுப்பினார்கள். பேசுவதற்கு இவளை விட்டால் வேறு யார்?

அனுப்பும்போது ஒரே ஒரு வேலைதான் கொடுத்தார்கள். ஆறு பெருகினால் தெரு ஜனங்கள் அத்தனை பேரையும் மேட்டிலிருக்கும் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தங்கவைப்பது என்று குழு ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. கட்டடம் நல்ல கட்டடம்தான். ஆனால் அங்கே இருக்கும் கழிப்பறைக் கதவு ஒன்றுக்குக்கூட உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. இது அதிகாரிகளுக்குத் தெரியாது. போன வருஷம் வரை அங்கே படித்தவர்களுக்குத்தான் தெரியும். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பெண் பிள்ளைகள் மட்டும் புழங்குகிற இடம் என்பதால் சிரித்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டார்கள். இப்போது தெரு ஆண்கள் எல்லாரும் அங்கே வந்து படுக்கப்போகிறார்கள். கை கழுவுகிற குழாய் வேறு அந்தக் கதவுகளுக்கு நேர் எதிரே இருந்தது.

"தாப்பா போட்டாத்தான் எங்கம்மா, அண்ணி எல்லாம் வருவாங்களாம். இல்லன்னா வீட்டுப் பரண் மேலயே ஏறி உக்காந்துக்கறோம்னு சொல்றாங்க. மறந்துடாத" என்றாள் சோடாபுட்டி. கண்ணாடி இல்லாவிட்டால் சுவரோடு பேசக்கூடியவள், ரேடியோவின் உயிர்த் தோழி.

"இதைப் போய் மறப்பேனா? முதல் பேச்சே அதுதான்" என்று ரேடியோ சொன்னாள்.

அப்படித்தான் ஆயிற்று, முதல் பேச்சு அவளுடையதுதான். குழுத் தலைவர் நரைத்த மீசையும் மெதுவான குரலும் கொண்ட அதிகாரி. பெரியவர்கள் பேசிவிட்டால் சின்னவர்கள் ஆமாம் சாமி போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று அவருக்கு ஒரு குறை. அதனால் தன் கூட்டத்தில் வயதில் சிறியவர்தான் முதலில் பேச வேண்டும் என்று ஒரு விதி வைத்திருந்தார். நல்ல மனிதர், நல்ல விதி. அந்த விதிதான் இவளைக் கவிழ்த்தது.

நீள மேசை. சுவர் முழுக்கத் திரை, அதில் நீல நிறத்தில் ஆறு. சுழல் நாற்காலியில் உட்கார்ந்ததும் ரேடியோவுக்குக் கால் தரையில் எட்டவில்லை. முன்னால் 'இளைஞர் பிரதிநிதி' என்று அச்சடித்த பலகை. தலைவர் அணையின் நீர்மட்டம், படகு, ராணுவம் என்று கொஞ்ச நேரம் விளக்கிவிட்டு, "சரி, நம்ம வழக்கப்படி சின்னவங்க ஆரம்பிக்கட்டும். சொல்லுங்கம்மா" என்று இவள் பக்கம் திரும்பினார். மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது.

கக்கூஸ் என்று சொல்வதா? கழிப்பறை என்று சொல்வதா? பாத்ரூம் என்றால் குளியலறை என்று நினைத்துக்கொள்வார்களோ? படகும் ராணுவமும் பேசுகிற இடத்தில், கோட்டும் டையுமாக உட்கார்ந்திருக்கிற ஆண்களுக்கு நடுவில், கதவுத் தாழ்ப்பாளைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது? எல்லாரும் சிரிக்க மாட்டார்களா? மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கிக் கொடுத்த அந்தக் குரல் தானாகவே வெளியே வந்தது.

"இந்த நெருக்கடியான நேரத்தில் இளைஞர்களாகிய எங்களுக்கு வாய்ப்பளித்ததற்கு நன்றி. ஏற்பாடுகள் அனைத்தும் மிகவும் திருப்தியாக இருக்கின்றன. எங்கள் தெரு முழு ஒத்துழைப்பு தரும்."

கைதட்டினார்கள். அவளுக்குக் காது சூடாகிவிட்டது. அது பெருமையால்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

அடுத்துப் பேசிய பொறியாளர், தண்ணீர் இறைக்கிற மோட்டாரின் ரப்பர்க் குழாயை எலி கடித்துவிட்டது என்றார். அதைப் பற்றியே விலாவாரியாகப் பேசினார்கள். டாக்டரம்மா, பிளீச்சிங் பவுடர் வந்திருக்கிறது, அளந்து போடக் கரண்டி வரவில்லை என்றார். உணவுக்குப் பொறுப்பானவர் அண்டாவுக்கு மூடி கேட்டார். எலி, கரண்டி, மூடி. இதற்கெல்லாம் யாரும் சிரிக்கவில்லை. தலைவர் ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டு ஆள் அனுப்பினார். சின்ன விஷயம் பேசுவதற்குத்தான் அங்கே எல்லோரும் வந்திருந்தார்கள். பெரிய பேச்சுப் பேசியது இவள் ஒருத்திதான்.

முடிவில் தலைவர், "வேற ஏதாவது இருக்கா?" என்று எல்லோர் முகத்தையும் பார்த்தார். இவள் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார். இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லாம் திருப்தி என்று மைக்கில் முழங்கிவிட்டு, இப்போது கையைத் தூக்கி ஒரு குறை சொன்னால் என்ன நினைப்பார்கள்? அவள் சிரித்து வைத்தாள்.

வாசலில் சோடாபுட்டி சைக்கிளோடு காத்திருந்தாள்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"போட்டுடறோம்னு சொன்னாங்க."

இப்படித்தான், கண்ணை மூடித் திறப்பதற்குள், வாய் கூசாமல் ஒரு பொய். நாளைக்குப் பொறியாளரைத் தனியாகப் பார்த்துச் சொல்லி, பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஆனால் ஆறு அதுவரை பொறுக்கவில்லை. விடிந்தபோது தெருவுக்குள் தண்ணீர். பரண் மேல் ஏறுவதாகச் சொன்ன பெண்கள், "அதான் தாப்பா போட்டாச்சாமே" என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். அவர்களை வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டதும் ரேடியோதான்.

வந்த அன்றைக்கே கை கழுவ வந்த ஒரு மனிதர் தெரியாமல் ஒரு கதவைத் தள்ளிவிட்டார். உள்ளே சோடாபுட்டியின் அண்ணி, ஏழு மாதக் கர்ப்பிணி. அவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். பாவம், அவர் மேல் என்ன தப்பு? ஆனால் அதற்குப் பிறகு பெண்கள் அந்தப் பக்கமே போகவில்லை. போகாமல் இருக்க ஒரு வழிதான் உண்டு. அந்த வழியை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முதுகில் 'இளைஞர் குழு' என்று எழுதிய ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு ரேடியோ தண்ணீர்ப் பாட்டில்களை எடுத்துக்கொண்டு போனாள். ஆண்கள் வாங்கிக்கொண்டார்கள். பெண்கள் வாங்கவில்லை.

"வேணாம்மா, தாகம் இல்ல."

"அப்புறம் குடிக்கறேன், அங்க வை."

அண்ணியின் உதடு வெடித்திருந்தது. "வேணாம் கண்ணு" என்று சிரித்தாள். வகுப்பறை மூலையில் பாட்டில்கள் மூடி திறக்காமல் அடுக்கடுக்காக நின்றன.

சோடாபுட்டி மட்டும் காதோடு கேட்டாள்: "போட்டுடறோம்னாங்கல்ல? ஏண்டி இன்னும் போடல?"

"வருவாங்க. மோட்டார் வேலையா இருக்காங்க."

இது இரண்டாவது பொய். இப்போது பொறியாளருக்குப் போன் செய்தால், 'இதைக் கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாமேம்மா' என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்து, கையில் போனை வைத்துக்கொண்டே அவள் ஒரு பகல் முழுவதும் பாட்டில் சுமந்தாள். இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்றால், இருந்தாள்.

மறுநாள் காலை அண்ணி எழுந்து நின்றவள் அப்படியே சரிந்தாள்.

டாக்டரம்மா படகில் வந்தார். கூடவே குழுத் தலைவரும் வந்தார். டாக்டரம்மா அண்ணியின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். "குழந்தை அசையுது" என்று அவள் மாமியாரான சோடாபுட்டியின் அம்மாவிடம் சொல்லிவிட்டு நர்ஸிடம் சலைன் ஏற்றச் சொன்னார். பிறகு மூலையில் இருந்த பாட்டில்களைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"இவ்வளவு தண்ணிய வச்சிக்கிட்டு ஏம்மா குடிக்காம கெடந்தீங்க?"

சோடாபுட்டிதான் வெடித்தாள். நேரே தலைவர் முன்னால் போய் நின்றாள்.

"குடிச்சா எங்க சார் போறது? ஒரு கதவுக்குக்கூடத் தாப்பா இல்ல. அதான் கூட்டத்துல சொன்னோமே! இவ வந்து சொன்னாளே! போட்டுடறோம்னு சொல்லிட்டு விட்டுட்டீங்களே! சின்னப் பசங்க சொன்னா காதுல ஏறாதா சார்? எங்க அண்ணிக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

வகுப்பறையே அவரைப் பார்த்தது. அவர் குழம்பிப்போனார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"தாப்பாவா? கூட்டத்துலயா?" ரேடியோவைப் பார்த்தார். அவள் முகம் வெளிறிக் கிடந்ததை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. "சொல்லியிருப்பாங்கம்மா. அன்னிக்கு அணை நிலவரம் ஓடிக்கிட்டே இருந்துச்சு, நான்தான் கவனிக்காம விட்டிருக்கணும். தப்பு என்னோடதுதான். எல்லாரும் மன்னிச்சிடுங்க."

நரைத்த மீசைக்காரர், பெரிய பதவி, அத்தனை பெண்கள் முன்னால் கை கூப்பினார்.

டாக்டரம்மா கை கூப்பவில்லை. அவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர். ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், விஷயம் அதோடு முடிந்துவிடும். தெரு இவளைத்தான் நம்பும். வாய் மூடாதவள் என்று பெயர் வாங்கியவளுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக மௌனம் அவ்வளவு சுலபமாகக் கிடைத்தது. கூப்பிய அந்தக் கைகளை அவளால் பார்க்க முடியவில்லை.

"சார், கைய எறக்குங்க சார்" என்றாள். "நான் சொல்லல."

"என்னடி?" என்றாள் சோடாபுட்டி.

"கூட்டத்துல நான் சொல்லவே இல்ல. எல்லாம் திருப்தியா இருக்குன்னு பேசிட்டு வந்துட்டேன். உங்கிட்ட பொய் சொன்னேன்."

"ஏம்மா சொல்லல?" என்று தலைவர் கேட்டார். கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார்.

"கக்கூஸ்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு சார்."

அண்ணியின் மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். "வெக்கமா? உனக்கு வெக்கமா? அந்த ஆள் கதவத் தள்ளினப்போ இவளுக்கு எப்படி இருந்திருக்கும்?" அதற்கு மேல் அவளும் திட்டவில்லை. திட்டியிருந்தால் ரேடியோவுக்கு நிற்பதற்கு ஒரு தெம்பாவது வந்திருக்கும். நிலம் பிளந்து தன்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது.

தலைவர் போனை எடுத்துப் பொறியாளரிடம் பேசினார். கொஞ்ச நேரத்தில் ஒரு தச்சர் பையோடு வந்தார். கதவுகளைப் பார்த்து, "இவ்வளவுதானா? இதுக்கா படகுல கூட்டிட்டு வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தார். டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டார். பெண்கள் வரிசையில் நின்றார்கள். திரும்பி வந்தவர்கள் மூலையிலிருந்து ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து மூடியைத் திறந்தார்கள்.

ரேடியோ ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி மடித்து எடுத்துக்கொண்டு சோடாபுட்டியிடம் போனாள். அவள் அண்ணியின் காலடியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் கூட்டம் இருக்கு. எனக்குப் பதிலா நீ போறியா?"

சோடாபுட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை நன்றாகப் பார்த்தாள்.

"எதுக்கு? நீயே போ. பேசு. இனிமே உனக்கு எங்கயும் வெக்கம் வராது."

"நெஜமாத்தான் சொல்றியா?"

"நெஜமாத்தான். ஆனா திரும்பி வந்து எங்ககிட்ட எதுவும் சொல்லாத" என்றாள் சோடாபுட்டி. "என்ன பேசினன்னு நாங்க தலைவர்கிட்டயே கேட்டுக்கறோம்."