தெருவே கையை நீட்டிய பெட்டி

மதுரை ஆஸ்பத்திரியில் அந்தப் பிரஷர் பெட்டியைக் கொடுக்கும்போதே சொல்லித்தான் கொடுத்தார்கள். "இது உங்க ஒருத்தருக்கு மட்டும்தாம்மா. வேற யாருக்கும் போட்டுப் பாக்கக் கூடாது." சந்தனம்மாளும் தலையை ஆட்டினாள். ஆட்டாமல் என்ன செய்வாள்? ஆனால் திருச்சுழிப் பக்கம் ஒரு தெருவில் ஒரு வீட்டில் இருக்கிற சாமான் ஒருத்தருக்கு மட்டும் என்று எவர் கேள்விப்பட்டது? ஏணி ஒரு வீட்டில் இருந்தால் தெருவுக்கே ஏணி இருக்கிறது என்று அர்த்தம். பெட்டிக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது?

போன சித்திரையில் நெஞ்சு அடைத்துப் பிழைத்து வந்தவள் அவள். புருஷன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மகன் ராஜகுரு மதுரையில் தன் மூன்றாவது மாடி வீட்டிலேயே வைத்துக்கொள்ளப் பார்த்தான். சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சன்னல். பேசவும் ஆள் இல்லை, ஏசவும் ஆள் இல்லை. "எலி வளையானாலும் தனி வளை வேணும்டா" என்று பையைத் தூக்கிவிட்டாள். கடைசியில் ஆஸ்பத்திரிதான் இடையில் புகுந்து வழி சொன்னது. பட்டையைக் கையில் சுற்றிப் பொத்தானை அமுக்கினால் போதும், எண் தானாகவே மதுரைக்குப் போய்விடும். அங்கே சுகப்பிரியா என்ற நர்ஸ் பார்ப்பாள். எண் கெட்டால் மகனுக்கும் சொல்லிவிடுவாள்.

"எண்ணு ஒழுங்கா இருக்கிற வரைக்கும் ஊர்ல இரு. கெட்டுச்சுன்னா மறுபேச்சு இல்லாம வந்துரணும்" என்றான் ராஜகுரு.

சரி என்று சொன்னாள். உப்பைக் குறைத்தாள், கருவாட்டை மறந்தாள், மாத்திரையை வேளை தவறாமல் போட்டாள். ஊரில் இருக்க வேண்டுமே, அதற்காக அந்த ரோஷக்காரி எதையும் செய்வாள். விடிந்ததும் முதல் காரியம் தன் கையில் பட்டையைச் சுற்றுவது. அவளுடைய எண் போன பிறகு பக்கத்து வீட்டு மாரீஸ்வரி வருவாள். "எனக்கும் ஒருக்கா பாருங்க பெரியம்மா, கிறுகிறுன்னு வருது" என்பாள். அவளுக்குப் பின்னால் அவள் மாமியார். ஆடு பத்தப் போகிறவர்கூடக் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையை நீட்டிவிட்டுத்தான் போவார்.

மதுரையில் சுகப்பிரியாவுக்குத் தலை சுற்றியது. "உங்க பிரஷர் என்னம்மா இப்படிக் குதிக்குது? வேற யாருக்கும் போடுறீங்களா? அப்படின்னா பெட்டியத் திருப்பி வாங்கிருவாங்க."

"என் ஒடம்பு அப்படித்தான் தாயி. வெயில்ல வெந்த ஒடம்பு" என்று சாதித்தாள் சந்தனம்மாள்.

தெருவில் கையை நீட்டாதவள் ஒருத்திதான், எதிர்வீட்டு நாகஜோதி. கொழுந்தன் தங்கபாண்டியின் பெண்டாட்டி. தங்கபாண்டி தூத்துக்குடி லாரியில் போனால் வர நாளாகும். இரண்டு வீட்டுக் காட்டுக்கும் நடுவே ஒரு முழ வரப்பு யாருடையது என்பதில் ஆரம்பித்தது சண்டை. இப்போது பேச்சு இல்லை, நல்லது கெட்டது இல்லை, ஒரு வாய்த் தண்ணீர்கூடப் புழங்குவதில்லை. குழாயடியில்கூடச் சந்தனம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் நாகஜோதி வருவாள். அப்படி ஒரு வீம்பு.

ஐப்பசியில் ஒரு காலை, நாலு நாளாக வராத குழாய்த் தண்ணீர் வந்தது. தெருப் பெண்கள் எல்லாம் குடத்தோடு ஓடினார்கள். சந்தனம்மாள் வரிசையில் நிற்கும்போது இடுப்பிலிருந்த செல் அடித்தது.

"அம்மா, எங்க இருக்கீங்க? அப்படியே உட்காருங்க, நடக்காதீங்க" என்றாள் சுகப்பிரியா. குரல் பதறியது. "இப்பதான் உங்க ரீடிங் வந்துச்சு. ரொம்ப ரொம்ப ஜாஸ்தி. மகனுக்குச் சொல்லிட்டேன், ஒரு வேலையா உங்க ஊர்ப் பக்கந்தான் வந்திருக்காராம், கார் எடுத்துட்டுக் கெளம்பிட்டார்."

"இப்பவா வந்துச்சு?"

"இந்த நிமிஷம்."

சந்தனம்மாள் குனிந்து பார்த்தாள். அவள் கையில் இருந்தது பட்டை இல்லை, குடம். அது என் எண் இல்லை என்று சொன்னால் பெட்டி போய்விடும், பெட்டி போனால் ஊர் போய்விடும். சொல்லாவிட்டால் மகன் இன்றைக்கே அள்ளிக்கொண்டு போவான். இரண்டையும் ஒதுக்கிவிட்டு மூன்றாவதைத்தான் அவள் நினைத்தாள். எவளோ ஒருத்தி இந்த நிமிஷம் சாகக் கிடக்கிறாள்.

வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். மாரீஸ்வரி நின்றாள், மாமியார் நின்றாள், தெருவே நின்றது. தண்ணீர் வந்த நேரத்தில் குழாயடியில் இல்லாத பொம்பளை ஒருத்திதான்.

குடத்தை அங்கேயே போட்டுவிட்டு நடந்தாள். தன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். பட்டை தரையில் அவிழ்ந்து கிடந்தது. நேரே எதிர்வீட்டுப் படியேறினாள். அந்தப் படியை அவள் மிதித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

நாகஜோதி தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரோரம் சுருண்டு கிடந்தாள்.

"என் வீட்டுக்குள்ள வந்தியா?"

"நான் ஏன் வாரேன்? ஒங்க வீட்டுல பச்சத் தண்ணி பொழங்குனேனா?"

"தண்ணி பொழங்கல. பெட்டிய பொழங்கியிருக்க."

நாகஜோதி தலைத்துணியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பிறகு, "கைய நீட்டுறதெல்லாம் பொழக்கத்துல சேருமா?" என்றாள். "மண்டை பொளக்குது. கண்ணுக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. நீங்க இப்ப ரெண்டு பேரா நிக்கிறீக. ஒருத்தியவே தாங்க முடியாது."

"மாத்திரை எங்க?"

"தீந்து போச்சு. நல்லாத்தான இருக்கோம்னு வாங்கல."

"எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"ஒங்க கூடயா? செத்தாலும் வர மாட்டேன்."

சந்தனம்மாளுக்குக் கோபம் தலைக்கேறியது. "இந்தா பாரு, நான் ஒண்ணும் எறங்கி வந்துட்டேன்னு நெனைக்காத. அந்த ஒரு முழ வரப்பு இன்னைக்கும் என்னுதுதான். நீ உசுரோட இருந்தாத்தான் ஒன்கிட்ட நான் சண்டை போட்டு வாங்க முடியும். ஒன் புருஷன்கிட்ட எனக்கென்ன சண்டை, அவன் வாயில்லாப் பூச்சி. எந்திரிடி."

அவளைக் கைத்தாங்கலாக வாசலுக்குக் கொண்டுவரும்போது கார் வந்து நின்றது. ராஜகுரு கதவைத் திறந்து குதித்தான். முகம் வெளிறிப்போயிருந்தது. "அம்மா, நீ ஏன் நடக்குற? வீட்டப் பூட்டு, கெளம்பு."

"கெளம்புறோம். சித்தியப் பின்னால படுக்க வையி. அருப்புக்கோட்டைக்கு விடு."

"சித்தியா? ரீடிங் ஒன்னோடதும்மா."

"என்னுது இல்ல. நீ மொதல்ல வண்டிய எடு, பெறகு வையலாம்."

அவன் வழியெல்லாம் வைதான். மடியில் கிடந்த நாகஜோதியின் தலையைப் பிடித்தபடி, சந்தனம்மாள் காது கேட்காதவள் போலக் கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். டவுனை நெருங்கும்போது சுகப்பிரியாவுக்கு அவளே போன் போட்டாள்.

"தாயி, அது என் எண்ணு இல்ல. என் ஓரகத்தியோடது. தெருவே அதுல கை வச்சுப் பாக்குது, நான்தான் விடுறேன்."

"ஏம்மா இப்படிப் பண்ணுனீங்க? ஊர்ப் பிரஷரப் பாத்து உங்களுக்கு மாத்திரைய ஏத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

அது நியாயம்தான். அவளுக்கும் உறைத்தது. "தப்புத்தான். அத மொதல்லயே சொல்லியிருக்கணும். காலையில மொத வார எண்ணுதான் என்னுது. ஆனா விட்டது தப்புன்னு மட்டும் சொல்ல மாட்டேன். இன்னைக்கு ஒங்க பெட்டி பொய் சொல்லல, ஆளத்தான் மாத்திச் சொல்லுச்சு. அது இல்லேன்னா ஒருத்தி கதவுக்குள்ள செத்துக் கெடந்திருப்பா, நாங்க தண்ணி புடிச்சுக்கிட்டு இருந்திருப்போம். பெட்டிய எடுக்கணுமா, வந்து எடுங்க. தெருவே ஒக்காந்திருக்கும், அவுக மொகத்தப் பாத்துச் சொல்லிட்டு எடுங்க."

"டாக்டர்கிட்ட சொல்லித்தாம்மா ஆகணும்" என்றாள் சுகப்பிரியா, மெதுவாக. "அநேகமா எடுத்துருவாங்க."

ஆஸ்பத்திரியில் நாகஜோதிக்கு ஊசி போட்டு, கையில் டிரிப்ஸ் ஏற்றி, கட்டிலில் படுக்க வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருக்கும், சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். சந்தனம்மாள் அப்போதுதான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

ராஜகுரு கோபம் தணிந்து, கெஞ்சுகிற குரலில் ஆரம்பித்தான். "பெட்டியும் போச்சும்மா. இனிமே எத நம்பி ஒன்னைய அங்க விடுறது? அப்பாவும் இல்ல. திடீர்னு நெஞ்ச அடச்சா எட்டிப் பாக்க யாரு இருக்கா ஒனக்கு?"

சந்தனம்மாள் தெருவில் ஒவ்வொருத்தராக எண்ணிப் பார்த்தாள். மகன் சொன்னதில் பொய் இல்லை. மாரீஸ்வரி நாற்று நடப் போய்விடுவாள், அவள் மாமியாருக்குக் காது கேட்காது. அந்த மூன்றாவது மாடிச் சன்னல் கண்ணுக்குள் வந்து நின்றது. அழுகை முட்டியது.

கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்த நாகஜோதி கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"ஏண்டா ராஜகுரு, எதிர்வீட்டுல நான் என்ன செத்தா போயிட்டேன்?"

சந்தனம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு மகனைப் பார்த்தாள்.

"கேட்டுக்கிட்டியா?" என்றாள்.