துவைக்காத தொப்பி

"தாத்தா குழியவே தொறந்துரலாமுங்களா, இல்ல தனியா வெட்டறதுங்களா?"

குழி வெட்டும் சென்னப்பன் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டான். வேளாங்கண்ணி ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்தால் உள்ளே புருஷன் வியாகுலத்தின் முகம் தெரியும், கொஞ்ச நேரத்தில் மறுபடி மங்கிப்போகும். காலையிலிருந்து இதுதான் வேலை. அழுகை வரவில்லை. வந்த பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இவள் அழப்போவதில்லை என்று தெரிந்ததும் எழுந்து டீ குடிக்கப் போனார்கள்.

"தனியாத்தான்" என்றான் மகன் ஜோ. "அப்பா சொல்லிட்டுத்தான் போயிருக்காரு. என்னய எங்கப்பன்கூட வைக்காதீங்கன்னு."

"கல்லறைல எடம் ஏதுங்க தம்பி? மூலைல முள்ளுக்காடுதான் கெடக்குது. குடும்பத்துக் குழி ஒண்ணு இருக்கறப்ப…"

"அப்பா சொன்னா சொன்னதுதாங்க."

சென்னப்பன் வேளாங்கண்ணியைப் பார்த்தான். நாலு மணிக்கு ஃபாதர் வந்துவிடுவார். இப்போதே பதினொன்று.

"கொஞ்சம் இரு சென்னப்பா" என்றாள். துண்டைப் பிழிந்து மறுபடி துடைத்தாள்.

பென்னாகரம் ரோட்டில் தொப்பிக்கார வூடு என்றால் யாரும் கை காட்டுவார்கள். வியாகுலம் முப்பது வருஷம் சர்வேயராக நிலம் அளந்தவர். ஓய்வு பெற்ற பிறகு பட்டாளத்துத் தொப்பிகளை அளக்க ஆரம்பித்தார். முன்னறை முழுக்க இரும்பு ஹெல்மெட், துணித்தொப்பி, ஓலைத்தொப்பி. ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள், "இது சண்டைக் காலத்துதுங்களா?" என்று பையோடு வந்து நிற்பார்கள். வார்த்தோலை முகர்ந்து பார்ப்பார். தையலை எண்ணுவார். உள்ளே அடித்த முத்திரையை லென்ஸ் வைத்துத் தேடுவார். கடைசியில் ஜன்னலைச் சாத்திவிட்டு, கள்ளநோட்டுப் பார்க்கும் நீல விளக்கை அடிப்பார். இந்தக் காலத்து நூல் அதில் பளீரென்று மின்னும், பழைய பருத்தி மங்கிக் கிடக்கும். ஆனால் விளக்கை அடிக்கும் முன் ஒரு கேள்வி கட்டாயம் கேட்பார்: "யாராவது தொவச்சீங்களா?" சோப்புத் தூளில் நனைந்தால் பழசும் புதுசுபோல மின்னிவிடும். எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதித் தொப்பிக்குள் செருகிவிடுவார். கண்ணால் பார்த்து உறுதி செய்ததற்கு மட்டும் சிவப்புப் பென்சிலில் டிக். அடுத்தவர் வாய்ச்சொல்லுக்கு டிக் கிடையாது, கலெக்டரே சொன்னாலும் சரி.

இந்தப் பைத்தியம் பிடித்ததே அவருடைய அப்பா அருளப்பனால்தான். பர்மா சண்டைக்குப் போய் நடந்தே திரும்பியவர் என்று வீட்டில் பேச்சு. அவர் போட்டிருந்த காக்கித் தொப்பி அண்ணன் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்தது. கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனார் வியாகுலம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அண்ணன் இறந்தபின், காரிமங்கலம் சந்தையில் அண்ணி அதை மஞ்சப்பையில் போட்டு வேளாங்கண்ணியிடம் கொடுத்தாள். வியாகுலம் அன்று பெங்களூரில். பையைத் திறந்தால் எலி மூத்திர நாற்றம். மனுஷன் ஆசைப்பட்டுக் கேட்ட பொருள், சுத்தமாகப் பார்க்கட்டுமே என்று சோப்புத் தூளில் ஊறவைத்து, அலசிக் காயப்போட்டு மடித்து வைத்தாள்.

அவர் வந்தவர் கைகால்கூடக் கழுவவில்லை. ஜன்னலைச் சாத்தினார். அன்றைக்கு மட்டும் கேட்காமலே விளக்கை அடித்துவிட்டார். தொப்பி புது வேட்டிபோல மின்னியது. அண்ணிக்குப் போன் போட்டுக் கேட்டார்.

"அண்ணி தொடவே இல்லைங்கறாங்க. நீ தொவச்சியா வேளா?"

அதற்கு முந்தின மாதம்தான் ஒரு ஹெல்மெட்டை ஈரத்துணியால் துடைத்ததற்கு ரெண்டு நாள் சோறு உண்ணாமல் கிடந்தார். அவள் வாயில் வந்துவிட்டது.

"இல்லீங்க."

"கதை வுட்டிருக்கான் கெழவன்" என்றார். அவ்வளவுதான். சுவரிலிருந்த அப்பா படம் இறங்கியது. கல்லறைத் திருநாளுக்கு எல்லாருக்கும் மெழுகுவத்தி வாங்குவார், அப்பாவுக்கு மட்டும் இல்லை. வேளாங்கண்ணிதான் திருட்டுத்தனமாக ஒன்று கொளுத்துவாள். வருஷா வருஷம், அடுத்த திருநாளுக்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள். பல் துலக்கப் போன ஆள் இப்படிச் சாய்ந்துவிடுவார் என்று அவள் கண்டாளா?

மாலையோடு பூவரசன் உள்ளே வந்தார். தர்மபுரிக்காரர், வியாகுலத்தோடு சேர்ந்து தொப்பி தேடி அலைந்தவர்.

"சொந்த அப்பா தொப்பியவே போலின்னு சொன்ன மனுசங்க அக்கா. அந்த நேர்மை யாருக்கு வரும்? அண்ணன் ஒருக்கா பாத்துச் சொன்னா தப்பாகவே ஆகாதுங்க."

வேளாங்கண்ணி துண்டைக் கீழே வைத்தாள். எழுந்து முன்னறைக்குப் போய், போலிகளைப் போட்டு வைக்கும் தகரப் பெட்டியைத் திறந்து அந்தத் தொப்பியை எடுத்து வந்தாள்.

"நாந்தான்டா தொவச்சேன்" என்றாள் ஜோவிடம்.

"என்னம்மா?"

"இத. சோப்புத் தூள்ல. அப்பா கேட்டப்ப இல்லைன்னுட்டேன்."

பூவரசன் மாலையை ஐஸ் பெட்டியின் மேல் வைத்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"உள்ள ஊதா மையில ஒரு அம்புக்குறி இருந்துச்சு. கீழ நாப்பத்தி மூணுன்னு நம்பரு. சலவைக்குறியாட்டம் இருக்குதேன்னு தேச்சேன். தண்ணியோட போயிருச்சு."

"அம்புக்குறிங்களா?" என்றார் பூவரசன். "அது பட்டாளத்து முத்திரைங்க அக்கா. நாப்பத்தி மூணுங்கறது சண்டை நடந்த வருஷமுங்க."

ஜோ அம்மாவையே பார்த்தான். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா. அவரு எவ்ளோ…"

"சொல்லியிருக்கலாம்."

திட்டுவான் என்று நின்றாள். அவன் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சென்னப்பா, தாத்தா குழியவே தொற" என்றாள். "தெரிஞ்சிருந்தா அவரும் அங்கதான் கேட்டிருப்பாரு."

சென்னப்பன் ஜோவைப் பார்த்தான். ஜோ தலையை ஆட்டினான்.

நாலு மணிக்கு உடலை மரப்பெட்டிக்கு மாற்றினார்கள். ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். வியாகுலத்தின் நெஞ்சில் வைக்க வேளாங்கண்ணி தொப்பியை விரித்தபோது உள்ளிருந்து சீட்டு விழுந்தது. ஒன்பது வருஷத்தில் அவள் அதைப் பிரித்துப் பார்த்ததில்லை. சர்வேயர் கையெழுத்து, குண்டு குண்டாக.

முத்திரை இல்லை. டிக்.
ஒளியில் மின்னுகிறது. டிக்.
துவைத்ததில்லை, வேளாங்கண்ணி சொன்னாள். டிக்.
போலி.

மூன்றாவது டிக்கை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். மற்ற இரண்டைப் போலவே அழுத்திப் போட்டிருந்தார்.

"வைங்கம்மா, நேரமாவுது" என்றான் ஜோ.

தொப்பியை வைத்தாள். சீட்டை வைக்கவில்லை. நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். மூடியில் ஆணி அடித்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வாசல் தாண்டியதும், வேளாங்கண்ணி கீழே கிடந்த துண்டை எடுத்து, காலி ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள்.