வெள்ளிக்கிழமை என்றால் ரயில் இல்லை

மே 10, வெள்ளி. சிவித்தாவெக்கியா.

இன்றைய தவறு: ரயில் ஓடாது என்று ஒரு பெண்மணியிடம் சொல்லிவிட்டேன். ஓடியது.

தவறை முதல் வரியிலேயே எழுதிவிட்டு, பிறகு நடந்ததை வரிசையாக எழுத வேண்டும் என்பது மாலை வகுப்பு ஆசிரியையின் கட்டளை. எழுதப் பார்க்கிறேன்.

பகலில் நான், பயணிகள் தங்கள் பெட்டிகளை வைத்துவிட்டுப் போகும் கடையில் இருக்கிறேன். கப்பலில் வருகிறவர்களைத் துறைமுகப் பேருந்து வாசல் சதுக்கத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து ரயில் நிலையத்துக்குக் கடலோரச் சாலை நேராகப் போகிறது. எங்கள் கடை அதன் நடுவில். கப்பல்காரர்களின் சுற்றுலாப் பேருந்து வேண்டாம் என்று தாங்களாகவே ரோமுக்குக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் என் வாசலில் நின்று ஒரே கேள்வியைக் கேட்பார்கள். அதற்காகவே கண்ணாடியில் ஓர் அம்புக்குறி ஒட்டி வைத்திருக்கிறேன். அம்புக்குறியை நம்பாமல் என்னைக் கேட்பார்கள். என்னை நம்பாமல் எதிரே பத்திரிகை விற்கிறவரைக் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. துறைமுக வாசலுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே அவர்கள் தலையில் மிளகாய் அரைக்க நிறையப் பேர் காத்திருக்கிறார்கள்.

அந்த நிறையப் பேரில் என் சித்தப்பா ஓரெஸ்தேவும் ஒருவர். வேன் ஓட்டுகிறார். உரிமம் இருக்கிறது என்கிறார். நான் பார்த்ததில்லை.

காலையில் கடை திறந்து கொஞ்ச நேரத்தில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி உள்ளே வந்தார். நீலச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் மடித்த சிவப்புக் கோட்டு. உள்ளே வந்ததும் திரும்பித் தெருவைப் பார்த்தார்.

“இதை வச்சுக்குவீங்களா?”

“பெட்டி எங்கே சிஞ்ஞோரா?”

“பெட்டி இல்ல. இது மட்டும்தான்.” கோட்டை மேசைமேல் வைத்தார். அதன் மேல் தன் கைப்பேசியையும் வைத்தார்.

“ஃபோனையுமா?”

“ஏன், ஃபோனை வைக்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?”

எழுதியிருக்கவில்லை. ஆனால் ஊர் சுற்ற வந்தவர்கள் பெட்டியை வைப்பார்கள், சக்கர நாற்காலியை வைப்பார்கள், ஒருமுறை ஒருவர் பல் செட்டைக்கூட வைத்துவிட்டுப் போனார். கைப்பேசியை யாரும் வைத்ததில்லை. திருட்டு ஃபோனாக இருக்குமோ என்று நினைத்தேன். அதற்குள் அது மேசையில் அதிர்ந்தது. திரையில் ‘லிவியோ’ என்ற பெயரும், படகில் நின்று சிரிக்கும் ஓர் ஆளின் படமும். அந்தப் பெண்மணி எடுக்கவில்லை. அதைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார்.

“பேரு?”

“நோர்மா.”

“முழுப் பேரு?”

“நோர்மா போதும். ரோமுக்கு அடுத்த ரயில் எப்போ?”

“இன்னிக்கு வெள்ளிக்கிழமை சிஞ்ஞோரா. ஸ்ட்ரைக்.”

யோசிக்காமல்தான் சொன்னேன். இன்றைக்கு வேலைநிறுத்தம் என்று போன வாரமே அறிவித்திருந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் தாள் ஒட்டியிருந்தது. காலையில் காபி குடிக்கும்போது சித்தப்பாவும் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேல், வெள்ளிக்கிழமை. நம் நாட்டில் வேலைநிறுத்தம் வெள்ளிக்கிழமைதான் வரும். வெள்ளிக்கிழமை அன்று ரயில் இல்லை என்று யாராவது சொன்னால் யாரும் சரிபார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

நோர்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “ஒண்ணுகூடவா ஓடாது?”

“ஸ்ட்ரைக் அன்னிக்கும் வேலைக்குப் போறவங்களுக்காகக் காலையில ஓடும். அது எல்லாம் போயிருக்கும்.”

வாசலில் சாய்ந்திருந்த சித்தப்பா அப்போதுதான் உள்ளே வந்தார். “ரோமா போகணும்? நம்ம வண்டி இருக்கே! ஏசி போட்டுக் குளுகுளுன்னு நிக்குது. கூட்டிட்டுப் போய், திரும்பக் கப்பல் படியிலயே இறக்கி விடுறேன்.” ஒரு தொகையைச் சொன்னார். எனக்கே கூசியது. “ஏய் விவி, சித்தப்பா எப்படி ஓட்டுவேன்னு நீயே சொல்லு அவங்களுக்கு.”

நோர்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி முதலில் அவரைப் பார்த்தார், பிறகு என்னை.

“சித்தப்பாவா? ஓகோ. நீ ரயில் இல்லம்பே. அவரு வண்டி இருக்கும்பாரு. நல்லா இருக்கு உங்க குடும்பத் தொழில்.”

“சிஞ்ஞோரா, சத்தியமா...”

“வேணாம் பொண்ணே. இந்த வயசுலயே சத்தியமெல்லாம் பண்ணாதே.”

வெளியே போனார். என் அம்புக்குறியின் முன் நின்று அதை மேலும் கீழும் பார்த்தார். சாலையைக் கடந்து பத்திரிகைக்காரரிடம் வழி கேட்டார். பிறகு அம்புக்குறி காட்டிய திசையிலேயே நடந்தார்.

“போகட்டும் விடு,” என்றார் சித்தப்பா. “பூட்டின கவுண்டரைப் பாத்துட்டு இங்கதான் திரும்பி வருவாங்க.”

அப்போதுதான் என் ஃபோனில் பார்த்தேன். வேலைநிறுத்தத்தை நேற்று இரவே வாபஸ் வாங்கிவிட்டார்கள். எல்லா ரயிலும் ஓடுகிறது. சித்தப்பாவிடம் நீட்டினேன்.

“அப்படியா?” என்றார். “எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன ரயில்வே மந்திரியா?”

என் சித்தி தினமும் ரயிலில்தான் ரோமுக்கு வேலைக்குப் போகிறார். இன்று காலையும் சித்தப்பாதான் அவரை நிலையத்தில் இறக்கிவிட்டார். ஆனால் சித்தி போவது வேலைநிறுத்தத்திலும் ஓடுகிற ரயில். ஆகவே அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ‘அவருக்குத் தெரியும்’ என்று இங்கே எழுதி அடித்தேன். ‘அவருக்குத் தெரிந்திருக்காது’ என்று எழுதி அதையும் அடித்தேன்.

கதவில் ‘இதோ வருகிறேன்’ பலகையைத் தொங்கவிட்டு ஓடினேன். ஓடினேன் என்பது சரியல்ல. காலில் பிய்ந்த செருப்பு, ஆகவே வேகமாக நடந்தேன். நோர்மா திரும்பிப் பார்த்தார். என்னைக் கண்டதும் அவரும் வேகத்தைக் கூட்டினார். நான் இன்னும் கூட்டினேன். கடற்கரையில் தேங்காய்ப் பத்தை விற்கிறவர் எழுந்து நின்று கத்தினார்: “என்னம்மா, திருட்டா? பிடிக்கட்டுமா?”

“இல்ல! ரயில் ஓடுது!” என்றேன்.

“அப்புறம் எதுக்கு நீ ஓடுறே?”

ரயில் நிலையத்தில்தான் அவரைப் பிடித்தேன். அறிவிப்புப் பலகையை அண்ணாந்து, வரி வரியாக விரலால் காற்றில் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

“ஓடுதே,” என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

“ஆமா. ராத்திரியே வாபஸ் வாங்கிட்டாங்க. எனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“சொல்ல வந்தியா, விக்க வந்தியா?”

டிக்கெட் இயந்திரத்தின் அருகே வழக்கமாக நிற்கும் ஆள், உதவட்டுமா என்று புன்னகையோடு நெருங்கினான். அவனையும் என் கூட்டாளி என்று நோர்மா நினைத்துவிட்டார் போல. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ரயில் டிக்கெட்டும் விற்கிற சிகரெட் கடைக்குப் போய் அங்கே வாங்கினார். அதுதான் சரி. நானும் அங்கேதான் வாங்குவேன்.

நடைமேடையில் டிக்கெட்டுக்கு முத்திரை குத்தும் பெட்டி செத்துக் கிடந்தது. அது வேலை செய்யாவிட்டால் தேதியையும் நேரத்தையும் டிக்கெட்டில் நாமே கையால் எழுதிக்கொள்ள வேண்டும். அவரிடம் பேனா இல்லை. என்னுடையதைக் கொடுத்தேன். கத்தியை வாங்குவது போல வாங்கினார்.

“எழுதலேன்னா?”

“ரயில்ல டிக்கெட் பாக்க வர்றவர் அபராதம் போடுவார்.”

“எழுதினா?”

“ஒண்ணும் ஆகாது.”

டிக்கெட்டை என் கையில் தராமல் சுவரில் வைத்து அவரே எழுதினார். எழுத்து கோணல்மாணலாகப் போனது.  எழுதி முடித்து, என்னிடம் இல்லை, பேனாவிடம் சொல்வது போலச் சொன்னார்:

“ரோம்ல, த்ரஸ்தேவெரே ஸ்டேஷன்ல என் பொண்ணு நிக்கிறா. மத்தியானம் வரைக்கும்தான் நிப்பேன், அப்புறம் போயிடுவேன்னு சொல்லிட்டா. குழந்தையோட நிக்கிறா. நான் அதை இன்னும் பாக்கல.”

“ஃபோன் பண்ணிச் சொல்லலாமே?”

“அந்த ஃபோன் எங்க இருக்குன்னு என் புருஷனுக்குத் தெரியும். அவருக்குப் பொண்ணே கிடையாது, ரெண்டு வருஷமா. ஃபோன் இந்த ஊர்லயே இருக்கட்டும். நானும் இந்த ஊர்லயே இருக்கேன்.”

ரயில் வந்தது. ஏறினார். என் பேனாவும் போயிற்று.

திரும்பும் வழியில் சந்தேகம் வந்தது. மகளைப் பார்க்க ரோமுக்கு யாராவது கப்பலில் வருவார்களா? இந்தக் கப்பல் கிளம்பும் ஜெனோவாவிலிருந்தே ரயில் இருக்கிறதே. பிறகு இப்படி யோசித்தேன்: கணவனே டிக்கெட் எடுத்துக் கூட்டி வந்த கப்பல் இங்கே ஒரு பகல் நிற்கிறது என்றால்? இரண்டும் சரியாகவே பட்டன. அதுதான் எனக்குக் கஷ்டம்.

அலமாரியில் கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. சிவப்புக் கோட்டும் கூடவே துடித்தது. மத்தியானத்துக்கு முன்பே அந்தப் படகுப் படத்து ஆள் வந்துவிட்டார். தன் ஃபோனைத் திசைகாட்டி போல முன்னால் நீட்டிக்கொண்டு வந்தார். மறுகையில் ஒரு பெண்ணின் வெயில் தொப்பி. வாசலில் சித்தப்பா சாய்ந்திருந்தார்.

“என் மனைவி இங்க இருக்கா.”

“இல்ல சார்.”

“ஃபோன் இங்க இருக்கு.”

“ஃபோன் இருக்கு. வச்சவங்களே வந்து வாங்கணும்.”

“ஃபோனை வச்சுட்டு எங்க போவா? அவ குளிக்கப் போனாக்கூட அதைக் கொண்டுபோறவ.” மேசை மேல் குனிந்தார். “ஸ்டேஷனுக்குப் போனாளா? ரயில் ஏறினாளா? உண்மையைச் சொல்லு.”

வாய் தானாகத் திறந்தது என்று எழுதலாம். அப்படி இல்லை. நன்றாக யோசித்துத்தான் சொன்னேன்.

“ரயிலா? இன்னிக்கு வெள்ளிக்கிழமை சார். ஸ்ட்ரைக்.”

அவர் கையிலேயே ஃபோன் இருந்தது. ஒரு விரல் வைத்தால் போதும். வைக்கவில்லை. “ஆமா, வெள்ளிக்கிழமை,” என்றார். தோள்கள் தளர்ந்து இறங்கின. ஆனாலும் சித்தப்பாவிடம் திரும்பி, “நிஜமாவா?” என்றார்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

“ஒரு இன்ஜின்கூட நகரல,” என்றார் சித்தப்பா.

அந்த நொடியில் வீடுகளுக்குப் பின்னாலிருந்து ஒரு ரயில் நீளமாக ஊதிக்கொண்டு போனது. மூன்று பேரும் அது முடியும்வரை கேட்டுக்கொண்டு நின்றோம்.

“சரக்கு வண்டி,” என்றார் சித்தப்பா, முகம் மாறாமல். “வாங்க சார், வண்டியில ஏறுங்க. ஊரை ஒரு சுத்து சுத்தித் தேடுவோம். சந்தை, கோட்டை, அப்புறம் மலைமேல சுடுதண்ணிக் குளம். பொம்பளைங்க அங்க போனா நேரம் போறதே தெரியாது.”

லிவியோ வாசலில் நின்றார். “அவளுக்கு வெயில் ஆகாது,” என்றார் என்னிடம். “தொப்பியை மறந்துட்டா.”

வேன் போனபின் அந்த வாக்கியம்தான் கடையில் தங்கியது. நான் யார் பக்கம் நின்று பொய் சொன்னேன் என்பது அதுவரை எனக்குத் தெளிவாக இருந்தது.

வெயில் சாய்ந்தபின் நோர்மா வந்தார். உள்ளே வந்ததும் மறுபடி தெருவைப் பார்த்தார். நீலச் சட்டையின் இடது தோளில் வெள்ளையாக ஒரு திட்டு காய்ந்திருந்தது. புளித்த பால் வாடை. குழந்தை கக்கியது. ஃபோனையும் கோட்டையும் வாங்கி, கோட்டை அவசரமாக மாட்டப் போனார்.

“இந்தப் புழுக்கத்துல கோட்டா? அவர் பாத்ததும் கேப்பார்.”

மாட்டிய கை பாதியில் நின்றது. “யாரு? அவர் வந்தாரா?”

“வந்தார்.”

“என்ன சொன்னே?”

“ஸ்ட்ரைக்னு சொன்னேன். நம்பிட்டார்.”

“எதுக்குச் சொன்னே? உனக்கு என்ன வேணும்?”

“என் பேனா.”

அவர் முகத்தில் சிரிப்பு வந்தது, உடனே போனது. பையிலிருந்து பேனாவை எடுத்து மேசையில் வைத்தார். கோட்டைக் கழற்றினார். நான் பாதி குடித்து ஆறிப்போயிருந்த காபியை எடுத்துத் தன் தோளில் ஊற்றிக்கொண்டார். “இப்ப இது காபி,” என்றார். “பொண்ணு. என் மூக்கு அப்படியே இருக்கு.” குழந்தையைத்தான் சொன்னார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

வேன் வந்து நின்றது. லிவியோ இறங்கி வந்து தொப்பியை மனைவியின் தலையில் வைத்தார்.

“எங்க இருந்தே?”

“ஸ்டேஷனுக்குப் போனேன். சும்மா ரோமைப் பாக்கலாம்னு. ஸ்ட்ரைக். அங்கயே பெஞ்சுல உக்காந்துட்டேன்.”

“ஃபோன்?”

“இன்னிக்கு ஒரு நாளாவது என்னை யாரும் கூப்பிட வேணாம்னு இருந்தது.”

“இது என்ன?”

“காபி.”

லிவியோ கைக்குட்டையை எடுத்து, குனிந்து, அவர் தோளைத் துடைக்க ஆரம்பித்தார். முகம் சட்டைக்கு மிக அருகே போனது. கை நின்றது. மூச்சை உள்ளே இழுத்தது போல எனக்குத் தோன்றியது. நோர்மா அசையவில்லை. லிவியோ கைக்குட்டையை, கறை உள்ளே போகும்படி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“வா,” என்றார். “கப்பல் கிளம்பிடும்.”

இரண்டு பேரும் சதுக்கத்தை நோக்கி நடந்தார்கள். லிவியோவின் கை நோர்மாவின் முழங்கையில் இருந்தது. தாங்கிப் பிடிக்கிற கையா, விடாமல் பிடிக்கிற கையா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. நோர்மா திரும்பிப் பார்க்கவில்லை. லிவியோ ஒருமுறை பார்த்தார். என்னை இல்லை, கண்ணாடியில் இருந்த அம்புக்குறியை.

சித்தப்பா வேனுக்குள்ளிருந்து கை ஆட்டினார். நான் கிட்டே போனேன்.

“சித்தப்பா, காலையில உங்களுக்குத் தெரியுமா?”

“என்னது?”

“ரயில் ஓடுதுன்னு.”

“சரக்கு வண்டிம்மா,” என்று சொல்லிச் சிரித்தபடி வண்டியைக் கிளப்பினார்.

நாளைக்கு: கடை திறக்கும் முன் ரயில் நிலையத்துக்குப் போய்ப் பலகையைக் கண்ணால் பார்த்து, ஓடுகிற ரயில்களை எழுதி அம்புக்குறியின் கீழே ஒட்ட வேண்டும். சித்தியைத் தனியாகப் பார்த்து, வேலைநிறுத்தம் வாபஸ் ஆனது வீட்டில் எப்போது தெரிந்தது, நேற்று ராத்திரியா இன்று காலையா என்று கேட்க வேண்டும்.