இன்னொரு தகுதித் தேர்வு

மூன்று பேருக்கு மூன்று இடம் சொல்லியிருந்தாள் எசோகே. மூன்றுமே பொய்.

எந்த இடத்தில் போலீஸ் ஜீப் வந்து நிற்கிறதோ, அந்த இடத்தைக் காதில் வாங்கியவர்தான் காட்டிக்கொடுப்பவர். இன்று மதியத்துக்குள் முகமூடி கிழிந்துவிடும்.

வாடகைக்கு ஓடும் ஒக்காடா பைக் செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது. பின்சீட்டில் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அதற்குள் சங்கத்தின் வழக்குக் காகிதங்கள்.

"தம்பி, கொஞ்சம் மெதுவாத்தான் போயேன்!"

"மெதுவாப் போனா அடுத்த சவாரி போயிடும் மேடம். கெட்டியாப் பிடிச்சுக்குங்க. விழுந்து வெச்சீங்கன்னா ஊர்ல ஒரு டீச்சர் குறைஞ்சிடும். கவர்னருக்கு வேலை மிச்சம்!"

ஒக்காடாக்காரன் வரைக்கும் தெரிந்திருந்தது. ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் எல்லோரும், எத்தனை வருடம் வேலை பார்த்திருந்தாலும், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தகுதித் தேர்வு எழுத வேண்டும். தேறாதவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று மாநிலத்தை ஆளும் கவர்னர் அறிவித்த நாளிலிருந்து, இகுவேலா ஊரில் வேறு பேச்சே இல்லை. தேர்வு முடியும்வரை ஆசிரியர் சங்கம் எங்கேயும் கூடக் கூடாது என்று இன்னொரு உத்தரவும் பின்னாலேயே வந்தது.

உள்ளூர்க் கிளைக்கு எசோகே செயலாளர். சங்கம் சும்மா இருக்கவில்லை. கல்வி அலுவலக வாசலில் உட்கார்ந்து மறியல் என்று முடிவெடுத்தார்கள். போய்ப் பார்த்தால் கேட்டில் பூட்டு, பக்கத்தில் போலீஸ். கல்வி அமைச்சர் ஊர் வழியாகப் போகும்போது மறித்து மனு கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். அமைச்சரின் கார் அன்றைக்கு ஊருக்குள்ளேயே வரவில்லை, சுற்றுப்பாதையில் போய்விட்டது. இரண்டு முடிவும் முன்கூட்டியே நான்கே பேர் அறிந்தவை. எசோகேயைத் தவிர்த்தால் மூன்று பேர்.

தலைவர் இகோடாரோ. துணைத்தலைவி அய்முவான் டீச்சர். பொருளாளர் ஒமோருயி.

மூன்று பேர் என்று சும்மா சொன்னாலும் எசோகேயின் மனதில் ஏற்கெனவே ஒரு பெயர்தான் அடிக்கோடு போட்டுக் கிடந்தது. ஒமோருயி. ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் பெரியவர். சில வாரங்களாகக் கூட்டத்தில் வாயே திறப்பதில்லை. கல்வி அலுவலகத்தின் பின்சந்திலிருந்து அவர் வெளியே வருவதை அவள் தன் கண்ணாலேயே பார்த்தாள். ஒரு தடவை என்றால் விட்டுவிடலாம். பார்க்கும்போதெல்லாம் அங்கிருந்துதான் வந்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு.

"அவர்தான் தலைவரே. சங்கத்துலேர்ந்து தூக்கிட்டுத்தான் மறுவேலை பாக்கணும்," என்று இகோடாரோவிடம் சொல்லியும் விட்டாள்.

இகோடாரோ தாடையைச் சொறிந்தார். "தூக்கினா என்ன ஆகும்னு தெரியுமில்ல? தேர்வை எதிர்த்து நாம போடப்போற வழக்குல சங்க உறுப்பினர் மட்டும்தான் கையெழுத்துப் போட முடியும். போட்டவங்களைத் தீர்ப்பு வர்ற வரைக்கும் அரசாங்கம் தொட முடியாது. அந்த ஆளுக்கு ஒரு கண்ணு புரை. கம்ப்யூட்டர் திரையில என்னத்தைப் படிப்பாரு? வேலை காலி."

"நம்ம எல்லாரோட வேலையையும் அவரு காலி பண்ணலாமா?"

"சரி. கூட்டத்துல தீர்மானத்தை நீயே கொண்டு வா. ஆனா ஆதாரத்தோட வா."

அந்த ஆதாரத்துக்காகத்தான் இந்தப் பொறி. வழக்குக்குக் கையெழுத்து வாங்கும் கூட்டம் எங்கே என்பதைச் செயலாளர் மட்டும் முடிவு செய்வது, கடைசி ஒரு மணி நேரத்தில்தான் எல்லோருக்கும் போனில் சொல்வது என்று ஏற்பாடு. எசோகே தலைவரிடம் மட்டும் ரகசியமாக 'ரப்பர் கிடங்கு' என்றாள். அய்முவானிடம் 'பழைய சினிமாக் கொட்டகை'. ஒமோருயியிடம் 'பாமாயில் ஆலை'.

உண்மையான இடம் நாலாவது. துறைமுகத்தில் வேலை பார்க்கும் அவள் புருஷன் பூட்டிவைத்துவிட்டுப் போன, மரம் அறுக்கும் மில். சாவி அவள் பைக்குள். அந்த இடத்தை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

முதலில் பாமாயில் ஆலை. ஜீப் இருக்கும், இருந்தே தீரும் என்று வந்தாள். ஆலை முற்றத்தில் காய்ந்த குலைகளைக் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. ஒரு போலீஸ் தொப்பியைக்கூடக் காணோம்.

சினிமாக் கொட்டகை. டிக்கெட் ஜன்னலுக்குக் கீழே ஆடு ஒன்று படுத்து அசைபோட்டது.

ரப்பர் கிடங்கு. பூட்டு. நாற்றம். வேறொன்றும் இல்லை.

"என்ன மேடம், ஊரைச் சுத்திப் பாக்குறீங்களா? புதுசா வந்தவங்க மாதிரி?" என்றான் ஒக்காடாக்காரன்.

அவளுக்குக் குழப்பமாக இருந்தது. ஒருவேளை யாருமே துரோகி இல்லையோ? நிம்மதி கொஞ்சம் எட்டிப் பார்த்தது. சரி, மில்லைத் திறந்து வைத்துவிட்டு எல்லோருக்கும் போன் போடலாம்.

"ஆத்துப் பக்கம் விடு தம்பி. மரமில்லுக்கு."

வளைவு திரும்பியதும் ஒக்காடாக்காரன் தானாகவே பிரேக் போட்டான்.

மில் கேட்டுக்கு முன்னால் போலீஸ் ஜீப். அதன் நிழலில் மூன்று காவலர்கள். அறுக்காமல் போட்டிருந்த ஒரு பெரிய மரத்தின் மேல், மண்டலக் கல்வி அதிகாரி இரேடியா சாவகாசமாக உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க செயலாளரம்மா! என்ன, இவ்வளவு லேட்டு? வெயில்ல காய்ஞ்சு போனோம்."

எசோகே இறங்கி, கைப்பையை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினாள். "இது... இது என் வீட்டுக்காரர் மில்லு சார். பாத்துட்டுப் போகலாம்னு..."

"பாருங்க, பாருங்க. நல்லாப் பாருங்க." ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார். ரம்பம் இருக்கும் கொட்டகைப் பக்கம் கண்ணைக் காட்டினார். "எனக்கு இங்க நிக்கவே பயமா இருக்கும்மா. மரத்தைப் பலகையாக்குற மாதிரி என்னையும் பலகையாக்கணும்னு யாரோ கேட்டுக்கிட்டாங்களாமே!"

காவலர்கள் சிரித்தார்கள். எசோகே சிரிக்கவில்லை.

அந்த வார்த்தை. அது அவளுடைய வார்த்தை.

எங்கே சொன்னாள்? யாரிடம் சொன்னாள்? தலைவரிடம் இல்லை. புருஷனிடம் போனில்கூட இல்லை. ஜீப் புறப்பட்டுப் போனபிறகும் அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்து யோசித்தாள். பலகை... பலகை...

சட்டென்று எழுந்தாள்.

விடியற்கால ஜெபக்கூடம்!

தினமும் விடியலில் அங்கே போவாள். பாஸ்டர் 'ஜெபிப்போம்' என்றதும் கூடம் முழுக்க ஒரே நேரத்தில் வாய்விட்டுக் கத்தும். அழுகை, கைதட்டல், ஸ்தோத்திரம். ஒருத்தி குரல் இன்னொருத்திக்குக் கேட்காது என்றுதான் எல்லோரும் நினைப்பது. அந்தக் கூச்சலுக்குள் எசோகேயும் முழங்காலில் நின்று, தொண்டை கிழிய முறையிட்டிருந்தாள். 'ஆண்டவரே, மரமில்லில் கூடப்போகும் எங்களைக் காப்பாற்றும்! மரத்தைப் பலகையாக்குவதுபோல் அந்த இரேடியாவைப் பலகையாக்கும்!' அதற்கு முன்னால் மறியலையும் அப்படித்தான் சொன்னாள். அமைச்சர் வரும் பாதையையும்.

மனிதர் யாருக்கும் சொல்லவில்லை. ஆண்டவருக்கு மட்டும் இடம், நாள், நேரத்தோடு ஒப்பித்திருந்தாள்.

பக்கத்தில் யார் மண்டியிடுவார்கள்? எப்போதும் அதே ஆள். சிஸ்டர் அடேசுவா. சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவள். கடை எங்கே? கல்வி அலுவலகத்தின் பின்சந்தில்!

எசோகே போய் நின்றபோது அடேசுவா வியர்க்க வியர்க்கக் கிழங்கை உரலில் இடித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, எசோகே டீச்சரா! வா வா. கிழங்குக் களி சூடா இருக்கு. கசப்புக்கீரைக் குழம்பு ஊத்தட்டுமா?"

"அதிகாரி இரேடியா இங்கதான் சாப்பிடுறாரா அக்கா?"

"தினமும்! என் கை ருசி அவருக்கு அப்படி."

"மரமில் விஷயத்தை அவர்கிட்ட சொன்னீங்களா?"

உலக்கை நின்றது. அடேசுவாவின் முகத்தில் குற்றவாளியின் திருட்டுமுழி எதுவும் இல்லை. அதுதான் எசோகேக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சொல்லலைம்மா. உனக்காகக் கெஞ்சினேன்! அவரு சாப்பிடும்போது பக்கத்துல நின்னு, 'ஐயா, அந்தப் பொண்ணு விடிஞ்சா போதும், அழுது புலம்புது. பாவம், மரமில்லுல ஏதோ கூட்டமாம். அது பாட்டுக்குக் கூடிட்டுப் போகட்டும், விட்டுருங்க'ன்னு சொன்னேன். உங்களைப் பலகையாக்கச் சொல்லிக் கேக்குற அளவுக்கு மனசு நொந்திருக்குன்னும் சொன்னேன். அப்பவாவது இரக்கம் வருமான்னு பாத்தேன்."

"மறியலுக்கும் கெஞ்சினீங்களா?"

"அதுக்கும்தான். அமைச்சர் வண்டிக்கும்தான்." அடேசுவா மூக்கை உறிஞ்சினாள். "உனக்கு என்ன குறைச்சல் வெச்சேன், சொல்லு."

எசோகேக்குக் கத்தவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள். மூலையில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு தனித் தட்டு கண்ணில் பட்டது.

"அது ஒமோருயி சார் தட்டு," என்றாள் அடேசுவா. "வீட்டம்மா மகளோட பிரசவத்துக்கு லாகோஸ் போயிட்டாங்க. மனுஷனுக்குச் சமைக்கத் தெரியாது. கடையில சாப்பிடுறதை யாரும் பாத்துடக் கூடாதுன்னு வெக்கம் வேற! இன்னிக்கு ஆளையே காணோம். எங்க போனாரோ?"

எங்கே போனார் என்று எசோகேக்குத் தெரியும். அவள் சொன்ன நேரத்துக்கு, அவள் சொன்ன பாமாயில் ஆலைக்குப் போயிருப்பார். அங்கே கோழிகளோடு காத்துக்கொண்டிருப்பார்.

அன்று சாயங்காலம் புது இடத்தைச் சொல்ல அவளும் தலைவரும் ஆளுக்கு ஒரு பக்கமாக வீடு வீடாகப் போனார்கள். போனைத் தொடவே இல்லை. புறப்படுமுன் விஷயத்தைக் கேட்டதும் இகோடாரோ இடுப்பில் கைவைத்தார். "அப்ப எனக்கு ரப்பர் கிடங்குன்னு சொன்னது?"

"பொய்தான் தலைவரே."

"என்னையுமா சந்தேகப்பட்டே?"

"எல்லாரையும்தான்."

"நல்லது. அடுத்த தேர்தல்ல நீயே தலைவரா நின்னுக்கோ," என்று உறுமிவிட்டு நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார். "ஒமோருயி வீட்டுக்கு நீ போ. நான் போக மாட்டேன்."

அவள் போனாள். கதவு திறந்தது. விடியலில் ஜெபக்கூடத்துக்கு வரச் சொன்னாள். பெரியவர் அவளைப் புரையில்லாத கண்ணால் பார்த்தார். "இது நெஜமான இடமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். வருவாரா, மாட்டாரா? அவர் வராவிட்டால் அவர் பெயர் வழக்கில் இல்லை.

விடிந்தது. ஜெபக்கூடத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். பாஸ்டருக்கு ஒரே பூரிப்பு, ஊருக்கே பக்தி பொங்கி எழுப்புதல் வந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டார். இஸ்லாமிய ஆசிரியர்கள்கூடக் கடைசி வரிசையில் நின்றார்கள். 'ஜெபிப்போம்' என்றதும் கூரை அதிர்ந்தது. அந்த இரைச்சலுக்குள் காகிதங்கள் முழங்காலுக்கு முழங்கால் நகர்ந்தன. இரேடியா மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் இவை தலைநகரில் கோர்ட் படியேறிவிடும். ஜெபத்தை எந்தப் போலீஸும் கலைக்காது.

அடேசுவா கண்ணை மூடியபடியே எசோகே பக்கம் சாய்ந்தாள். "என்ன டீச்சர், இன்னிக்குக் குரலே காணோம்?"

"தொண்டை கட்டிக்கிச்சு அக்கா."

அவள் கண் வாசலிலேயே இருந்தது. காகிதம் சுற்றி முடித்து அவள் கைக்கே திரும்பியது. பொருளாளர் பெயருக்கு எதிரே வெறும் கோடு.

அப்போது மறுபக்கத்தில் யாரோ மெல்ல முழங்காலிட்டார்கள். செருப்பெல்லாம் பாமாயில் கறை. ஒமோருயி கைகளை உயர்த்தினார். சுற்றிலும் எல்லோரும் கத்திக்கொண்டிருக்க, அவரும் கணக்கு வாத்தியார் குரலில் நிறுத்தி நிதானமாக ஜெபித்தார்.

"ஆண்டவரே, அரசாங்கம் எனக்கு ஒரு தேர்வு வைக்குது. எங்க சங்கமும் ஒண்ணு வெச்சுது. எண்ணெய் ஆலையில நாள் பூரா கோழிகளோட உக்காந்து எழுதினேன். பாஸா ஃபெயிலான்னு திருத்தினவங்க இன்னும் சொல்லலை, ஆண்டவரே."

ஒவ்வொரு சொல்லும் எசோகேக்குத் தெளிவாகக் கேட்டது. அடேசுவாவின் ஜெபம்கூட ஒரு கணம் நின்று தொடர்ந்தது.

எசோகே அவர் பக்கம் திரும்பினாள். "சார்..." என்று பேனாவை நீட்டினாள். வரி எங்கே என்று காட்ட அவர் விரலைப் பிடிக்கப் போனாள்.

அவர் கையை விலக்கிக்கொண்டார். "எனக்குத் தெரியும்."

குனிந்து, காகிதத்தைக் கண்ணுக்கு வெகு அருகில் பிடித்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அது பொருளாளருக்கான கோட்டில் விழவில்லை. ஒரு வரி மேலே, செயலாளர் எசோகேயின் கையெழுத்துக்குக் குறுக்கே விழுந்தது.

அவள் காகிதத்தை அப்படியே மடித்துப் பைக்குள் வைத்தாள்.