பத்தொன்பது எலிகள்

எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு தெளிவாக இருந்தது. கோழிகளுக்குத் தீனி வைப்பது, முட்டை எடுப்பது, கூண்டைக் கழுவுவது எல்லாம் என் மனைவி. எலியைக் கொல்வது நான்.

கொல்லைப்புறத்தில் ஏழு கோழிகள். தச்சர் செய்துகொடுத்த மரக்கூண்டு, சுற்றிலும் கோழி வலை. அந்த வலையின் கண்ணில் என் இரண்டு விரல்கள் சேர்ந்து நுழையும். இரண்டு விரல் நுழைந்தால் எலியும் நுழையும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. யோசிக்கவில்லை, அவ்வளவுதான். கோழிகள் தின்றது போக மீந்த தீனி விடியும்வரை தட்டிலேயே கிடக்கும். முதலில் தீனி குறைந்தது. அடுத்து முட்டைகள் காணாமல் போயின. பிறகு ஒருநாள் குளியலறைச் சோப்பில் பல் பதிந்திருந்தது.

"சோப்பையே தின்னிருக்குங்க. எலியெல்லாம் சுத்தபத்தமா இருக்கணும்னு முடிவு பண்ணிடுச்சு போல," என்றாள் மனைவி. "பொறி ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

கம்பிக்கூண்டு ஒன்றை வாங்கிக் கொக்கியில் கருவாட்டுத் தலையை மாட்டி வைத்தேன். மறுநாள் காலையில் உள்ளே ஒரு பெரிய எலி. மனைவி வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள்.

"கூண்டோட முக்கிடுங்க. நான் பாக்க மாட்டேன்ப்பா," என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். ஒரு நாளைக்கு அறுபது பேர் கையில் ஊசி குத்துகிறவன். எலி மூக்கைக் கம்பிக்கு வெளியே நீட்டிக் காற்றை மோந்துகொண்டிருந்தது. மீசை மயிர்கள் துடித்தன. என்னால் முடியவில்லை. வாளித் தண்ணீரைச் சாக்கடையில் கவிழ்த்தேன். கூண்டைச் சாக்குப்பையில் போட்டு ஸ்கூட்டரில் மாட்டினேன்.

"ஆச்சா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"ஆச்சு," என்றேன்.

வேலைக்குப் போகும் வழியில் ஒரு சந்து. ஒரு பக்கம் மூடிக்கிடக்கும் நூல் ஆலையின் நீளமான பின்மதில். அதன் அடியில் மழைத்தண்ணீர் போக விட்ட ஒரு ஓட்டை. கூண்டின் வாயை அந்த ஓட்டையில் வைத்துக் கதவைத் தூக்கினால் எலி நேராக அந்தப் பக்கம் போய்விடும், காலுக்கடியில் ஓடாது. குந்தி எழுந்திருக்க ஒன்றரை நிமிடம். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றுவதில்லை. அந்தப் பக்கம் புதர் மண்டிக் கிடக்கும் என்று நினைத்திருந்தேன். நினைத்தேன் என்பதும் பொய். மதிலுக்கு அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதையே நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இரண்டு மாதத்தில் பத்தொன்பது எலிகள். மனைவி காலண்டரில் கோடு கிழித்துக் கணக்கு வைத்தாள். வேலையிடத்தில் நான் எலி நிபுணர் ஆனேன். பொறியை வெறுங்கையால் தொடாதே, சுவரோரமாக வை, கருவாட்டை இறுக்கிக் கட்டு என்று ஆளுக்கு ஆள் பாடம் சொன்னேன். கொல்வது எப்படி என்று கேட்டால், "அதெல்லாம் மனசத் திடப்படுத்திக்கணும்," என்பேன். சொல்லும்போதே, ஓர் உயிரைக்கூடக் கொல்லாதவன் நான் என்று உள்ளுக்குள் ஒரு பெருமிதம் ஓடும். வெளியே வீரன், உள்ளே கருணைவான். ஒரே எலியில் இரண்டு பட்டம்.

ஒருநாள் அந்த மதிலில் தாரால் புதிதாக எழுதியிருந்தார்கள்: 'இங்கே ஒண்ணுக்குப் போகிறவன் மனுசன் இல்லை'. என்ன ஜனங்களோ, இப்படி எழுதிவைக்கும் அளவுக்கு அசிங்கம் செய்கிறார்களே என்று முகம் சுளித்தபடி கூண்டைத் திறந்தேன்.

எங்கள் நிலையத்தைக் கூட்டித் துடைப்பவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நான் ஏழு மணிக்குப் போகும்போது தரை காய்ந்திருக்கும். அந்த வியாழக்கிழமை துடைப்பத்தோடு என் மேசைப் பக்கம் வந்து நின்றார்.

"சார், எலி விஷயமா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எல்லாரும் உங்களத்தான் சொல்றாங்க."

"சொல்லுங்கக்கா."

"பதினாலு குஞ்சு பொரிச்சது சார். இப்ப மூணு இருக்கு. கோழி போனாப் போவுது. திங்கக்கெழம ராத்திரி எங்க வீட்டுக்காரரு கால் விரலக் கடிச்சு வெச்சிருக்கு. கடிச்சதே அவருக்குத் தெரியல. விரிப்புல ரத்தத்தப் பாத்து நான்தான் எழுப்பினேன்."

அவருடைய கணவரை எனக்குத் தெரியும். மாதம் ஒருமுறை வருவார். ரத்தம் எடுப்பது நான்தான். சென்ற மாதம் சர்க்கரை முன்னூற்றுப் பன்னிரண்டு. இரண்டு வருடமாகப் பாதத்தில் உணர்வில்லை. அப்படிப்பட்ட பாதத்தை எலி கடித்தால் என்னவாகும் என்பதும் எனக்குத் தெரியும்.

"வேலை முடிஞ்சதும் வர்றேன்க்கா. வீடு எங்க?"

"பழைய நூல் ஆலை இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி சார். பின்மதிலுக்கு உள்பக்கம், மதில ஒட்டின மாதிரி."

அடுத்து வந்தவருக்கு நரம்பு கிடைக்க மூன்று முறை குத்த வேண்டியிருந்தது.

மதியம் வேறு சாலை வழியாகச் சுற்றிப் போனேன். மதிலுக்கும் தெருவுக்கும் நடுவே எட்டு வீடுகள், தகரமும் செங்கல்லுமாக. அக்கா வீட்டின் பின்பக்கம் மதிலில் முடிந்தது. மதிலின் அடியில் அந்த ஓட்டை, இந்தப் பக்கத்திலிருந்து. அதற்கு மூன்று முழம் தள்ளிக் கோழிக்கூண்டு. ஓட்டையிலிருந்து கூண்டுவரை மண்ணில் வழுவழுவென்று ஒரு தடம் விழுந்திருந்தது.

"ஆலை இடத்தப் பிரிச்சு வித்தப்ப, எலி வளையானாலும் தனி வளை வேணும்னு சொல்லித்தான் சார் இந்த இடத்த வாங்கினோம்," என்று கட்டிலில் இருந்தபடியே சிரித்தார் கணவர். ஆலையில் காவலாளியாக இருந்தவர். "இப்ப நெசமாவே எலி வளையாப் போச்சு. ஏய், சாருக்கு நாற்காலி எடுத்துப் போடு."

நான் உட்காரவில்லை. குனிந்து பாதத்தைப் பார்த்தேன். இரண்டாவது விரலின் நுனியில் சதை இல்லை. ஓரம் கருத்திருந்தது. விரலால் அழுத்தினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். நானே கூட்டிட்டுப் போறேன்."

"ஒரு விரலுக்கா சார் இவ்வளவு?"

பக்கத்து வீட்டுக்காரர், சைக்கிள் பழுது பார்ப்பவர், வாசலில் வந்து நின்றிருந்தார். "ரெண்டு மாசமாத்தாங்க இந்தக் கூத்து. அதுக்கு முன்ன எலின்னா எப்பவாச்சும் ஒண்ணு. இப்ப பட்டாளமே இறங்கியிருக்கு. எங்கேருந்துதான் வருதோ."

"எல்லாம் அந்த ஹெல்மெட்காரன் அசிங்கம் பண்றதாலதான்," என்றார் கணவர். "காலையில மதிலுக்கு அந்தாண்ட வந்து குந்தறானாம் சார். ஹெல்மெட்டக்கூடக் கழட்டாம ஒண்ணுக்குப் போறான்னா அவன் எவ்வளவு அவசரக்காரனா இருக்கணும்!"

"என் கையில மட்டும் மாட்டட்டும்," என்றார் சைக்கிள்காரர். "கடைக்குப் போறப்ப ரெண்டு தடவ தூரத்துலேருந்து பாத்துட்டேன். மொகந்தான் தெரியல. தார் வாங்கி எழுதிவெச்சும் பாத்தாச்சு. ரோஷம் கெட்டவன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. என் ஹெல்மெட் வாசலில் ஸ்கூட்டரின் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை என்பதல்ல, பார்த்தார்கள். என்னோடு சேர்த்துப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

மருத்துவமனையில் விரலை எடுத்தாக வேண்டும் என்றார்கள். அழுகல் மேலே ஏறாமல் நின்றால் விரலோடு போகும், இல்லையென்றால் பாதம் என்றார்கள். மறுநாள் எடுத்துவிட்டார்கள். ஏறவில்லை என்பது உறுதியாக இன்னும் ஒரு வாரம் ஆகும். அக்கா வேலைக்கு விடுப்புப் போடவில்லை. காலையில் தரையைத் துடைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போய் வந்தார். "நீங்க சரியான நேரத்துக்குக் கூட்டிட்டுப் போனதாலதான் விரலோட நின்னிருக்கு சார்," என்று இரண்டு பேர் முன்னால் சொன்னார். நான் சோதனைக் குழாய்களை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

என் பொறியை அவர் வீட்டில் வைத்திருந்தேன். அடுத்த புதன்கிழமை காலையில், "ஒண்ணு விழுந்திருக்கு சார், எனக்குக் கை வரல. நீங்க பழகினவரு," என்றார். மதியம் போனேன். கணவர் இன்னும் மருத்துவமனையில்தான் இருந்தார். பின்பக்கத்தில் அக்கா நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பிவைத்திருந்தார்.

கூண்டைத் தூக்கினேன். எலி ஓரமாக ஒண்டியது. டிரம்முக்கு மேலே கூண்டைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கை வலித்தது.

"என்ன சார்?"

"நான் ஒண்ணக்கூடக் கொன்னதில்லக்கா."

அவர் முதலில் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் அந்த ஓட்டையிலதான் விட்டேன். அந்த ஹெல்மெட்காரன் நான்தான். இங்க வீடு இருக்குன்னு..." முடிக்கவில்லை. என்ன சொல்லி முடித்தாலும் அது எனக்குச் சாதகமாகத்தான் இருந்திருக்கும்.

அக்கா மதிலைப் பார்த்தார். தடத்தைப் பார்த்தார். "எத்தன?"

"பத்தொன்பது."

"வீட்டுல என்ன சொன்னீங்க?"

"கொன்னுட்டேன்னு."

"கொல்ல மனசு வரல."

"ஆமாக்கா."

"நல்ல மனசு," என்றார். அதில் கிண்டல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு நோயின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். என் கையிலிருந்து கூண்டை வாங்கி டிரம்முக்குள் முக்கினார். முழங்கைவரை தண்ணீர். முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் கையை எடுக்கவில்லை. குமிழிகள் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருந்தார். பழகின கை இல்லை அது.

"அண்ணன்கிட்ட நானே சொல்லிடறேன்க்கா. இன்னைக்கே போய்..."

"எதுக்கு?"

"தெரியணுமில்ல."

"தெரிஞ்சு?" கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "நீங்க வந்தா அந்த மனுசனுக்கு ஒரு தெம்பு. சார் பாத்தாரு, சார் சொன்னாருன்னு ஊசி போட்டுக்கறாரு. நீங்க போய்ச் சொல்லிட்டு லேசாயிடுவீங்க. அவரு அத வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாரு? உங்க வீட்டுல இருக்கறதெல்லாம் இங்க கொண்டாந்துதான் கொட்டணுமா சார்?"

'சார்' என்று சொல்வதை அவர் நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கலாம்.

"நான் என்ன செய்யட்டும்?"

"ஞாயித்துக்கெழம வாங்க. சிமெண்டு போடணும்."

அன்றே மனைவியிடம் சொன்னேன். அவள் காலண்டரைக் கழற்றிக் கோடுகளைப் பார்த்தாள். "அப்ப நான் பத்தொன்பது நாள் இங்க உக்காந்து பாவம்னு நினைச்சுக்கிட்டிருந்தது யாருக்காக?" என்றாள். அன்று மாலை மீந்த தீனியை அவளே தகர டப்பாவில் கொட்டி மூடினாள். என்னோடு பேச இரண்டு நாள் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அரை அங்குலக் கண் வலை ஒரு சுருள், ஒரு மூட்டை சிமெண்ட், மணலோடு போனேன். ஓட்டையில் வலையை வைத்துப் பூசினேன். தண்ணீர் போகும், எலி போகாது. கூண்டைச் சுற்றி ஒரு முழம் பள்ளம் தோண்டி வலையை மண்ணுக்குள் இறக்கினேன். தோண்டும்போது மூன்று வளைகள் அகப்பட்டன. ஒன்றில் கோழிக்குஞ்சின் இறகுகள் மெத்தைபோல் அடைந்திருந்தன. சிமெண்ட் வாங்கிய கையோடு என் வீட்டுக்கூண்டுக்கும் அதே வலை வாங்கியிருந்தேன். இரண்டு மாதத்துக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டிய வலை.

முந்தின நாள்தான் கணவர் வீடு திரும்பியிருந்தார். காயம் ஆறுகிறது, பாதம் தப்பியது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டிப் பின்கதவருகே உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீடுகளில் தலை தெரிந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டார்.

"எங்க சாரப் பாருங்க! ஊசி பிடிக்கிற கையி, கரண்டி பிடிக்குது. கூலிக்கு ஆளு வெச்சா வர்றதுக்கு ஒரு வாரம் பண்ணுவான். யாருக்கு வரும் இந்த மனசு?"

சைக்கிள்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "நல்லாப் பூசறீங்களே சார். ஹெல்மெட்காரனும் வர்றதில்ல இப்ப."

"சார் வந்துபோறதப் பாத்து ஓடிட்டான்," என்றார் கணவர். "பத்து விரல்ல ஒண்ணு போனாலும் ஒரு நல்ல மனுசன் கெடச்சாரு. அப்படித்தான் நான் கணக்கு வெச்சிருக்கேன்."

திரும்பிப் பார்த்தேன். வாயைத் திறந்தேன் என்றும் நினைக்கிறேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த சட்டிச் சிமெண்டை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.