ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவே

பாடகி மாயவரம் தையல்நாயகி காலமான செய்தி 1979 ஏப்ரலில் வந்தது. அந்த வாரமே டெல்லி கிட்வாய் நகர் தமிழர்கள் கூடி, அக்டோபரில் அவருக்கு ஓர் அஞ்சலிக் கச்சேரி என்று முடிவு செய்தார்கள். தையல்நாயகியின் குரலிலேயே தான் பாடப்போவதாக என் மனைவி விசாலாக்ஷி எழுந்து நின்று சொல்லிவிட்டாள்.

ஒரு குரலைப் பழகுவது தொண்டை வேலை என்று நினைத்திருந்தேன். முதல் மாதம் அவள் வாயே திறக்கவில்லை. தினமும் சாயங்காலம் ரெக்கார்டு பிளேயர் முன்னால் உட்கார்ந்து, தையல்நாயகி எங்கெங்கே மூச்சு வாங்குகிறார் என்பதை மட்டும் கேட்டாள். அது தெரிந்தால், அடி முடியும்போது எவ்வளவு காற்று மிச்சம் என்று தெரியும். காற்று குறையும் இடத்தில்தான் அந்தக் குரல் லேசாகக் கரகரக்கும். அடுத்த மாதம் கண்ணாடி முன்னால் நின்றாள். 'ஆ' என்று நீட்டும்போது அந்த அம்மாள் நாக்கின் பின்பக்கத்தைச் சற்றுத் தூக்கிக்கொள்கிறார் என்று கண்டுபிடித்தாள். ஜூலையில் ஒரு நாள், ரெக்கார்டு ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டே படியேறினேன். உள்ளே அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள்.

கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பு ஒத்திகை. ஹார்மோனியக்காரர் கலியமூர்த்தி நாலு வரி கேட்டுவிட்டுத் துருத்தியை நிறுத்தினார்.

"அம்மா, ஐந்தரைக் கட்டைக்குக் கொஞ்சம் கீழ நிக்கிறீங்க."

"அப்போ அஞ்சு கட்டை வெச்சுக்கோங்கோளேன்."

வைத்துப் பார்த்தார். "இப்ப மேல நிக்கிறீங்க. ரெண்டுக்கும் நடுவுல என் பெட்டியில கட்டை கிடையாதும்மா."

ஹார்மோனியத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் உள்ளே ஒரு பித்தளை நாக்கு உண்டு. அதன் சுருதி செய்யும்போதே முடிவானது. வாசிப்பவர் அதை ஏற்றவோ இறக்கவோ முடியாது. ஆகவே விசாலம்தான் ஐந்தரைக்கு ஏறினாள். இனிமையாகவே இருந்தது. ஆனால் அது விசாலத்தின் குரல். ஆறு மாதமாக உடம்பு படித்து வைத்திருந்த இடத்தைவிட்டு நகர்ந்ததும் தையல்நாயகி காணாமல் போய்விட்டார்.

செயலாளர் ராமமூர்த்தி கையைப் பிசைந்தார். "தப்பா நினைச்சுக்காதீங்கோ மாமி. நாளைக்குள்ளே சரியா வரலேன்னா, மேடையிலே ரெக்கார்டையே போட்டுடலாம்னு இருக்கேன்."

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. "ரெக்கார்டுலே இருந்தபடிதானேன்னா பாடினேன்? இப்போ என்னடான்னா அதுவே ஏதோ அவசரமா ஓடறது. கோடையிலே இப்படி இல்லே" என்றாள்.

மறுநாள் காலை வேலையில் இருந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. எனக்கு ஒரு துணை மின்நிலையத்தில் வேலை. நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை திசை மாறும். அந்தக் கணக்கைச் சொல்லும் மீட்டரை மணிக்கொரு தரம் பார்த்து நோட்டில் எழுதுவது என் பொறுப்பு. பழைய பக்கங்களைப் புரட்டினேன். மே, ஜூன், ஜூலை: மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை எல்லாம் நாற்பத்தெட்டு. அக்டோபரில் மறுபடி ஐம்பது. வீட்டுக்கு வீடு கூலரைப் போட்டதும் பாரம் தாங்காமல் ஜெனரேட்டர் தளர்ந்து சுற்றும். அதன் கணக்கில்தான் ரெக்கார்டு பிளேயர் மோட்டாரும் சுற்றும். தட்டு மெதுவாகச் சுற்றினால் குரல் கீழே இறங்கும். ஐம்பதில் இரண்டு குறைந்தால் எவ்வளவு இறங்கும் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஐந்தரைக்குக் கீழே, ஐந்துக்கு மேலே. சரியாக அவள் நின்ற இடம்.

எனக்கு அதை அளக்க ஒரு மீட்டர் வேண்டியிருந்தது. அவள் காதால் கேட்டு, ஆறு மாதம் நழுவவிடாமல் தொண்டையில் வைத்திருந்தாள்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். "நீ தப்பாப் பாடலே விசாலம். டெல்லி கரண்ட் எப்படிப் பாடித்தோ, அப்படியே பாடினே!"

"அச்சா. அதுக்காகக் கரண்டை மேடையிலே கொண்டுவந்து உட்காத்தி வெக்கப்போறேளா?"

கலியமூர்த்தியிடம் போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "வயலின் தந்தியை முறுக்கிக்கலாம். மிருதங்கத்தைத் தட்டிச் சேத்துக்கலாம். வளையாதது என் பெட்டி ஒண்ணுதான் சார். அது வீட்டுல இருக்கட்டும். நான் தாளம் போடறேன்."

"ஹார்மோனியம் இல்லாமத் தையல்நாயகியா!" என்று ராமமூர்த்தி புலம்பினார். ஆனாலும் கலியமூர்த்தியே சொன்ன பிறகு அவரால் மறுக்க முடியவில்லை.

ஞாயிறு மாலை, மந்திர் மார்க் பள்ளிக்கூட மண்டபம். விசாலம் கண்ணை மூடிக்கொண்டாள். மூக்கால் சட்டென்று ஒரு மூச்சு வாங்கினாள். பாட்டு தொடங்கும் முன்பே, அந்த மூச்சுக்கே முன்வரிசை நிமிர்ந்தது. பிறகு குரல் வந்தது. அந்தக் கோடை முழுக்க எங்கள் எல்லார் வீட்டிலும், கூலர் இரைச்சலுக்கு நடுவே, தளர்ந்த மின்சாரத்தில் பாடிய அதே கனத்த குரல்.

எனக்கு முன்னால் இருந்த ஓர் அம்மாள் காலைச் செருப்பிலிருந்து மெல்ல விடுவித்து, அதை நாற்காலிக்கு அடியில் தள்ளினாள். பக்கத்தில் இருந்தவரும் கழற்றினார். பின்வரிசைகளிலும் செருப்புகள் தரையில் உரசும் சத்தம் கேட்டது.

மூச்சு, நாக்கு, நாற்பத்தெட்டு. எல்லாம் எப்படி என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும், குனிந்து ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தேன்.